ஆனை வாங்கும் முன் தீனிக் கணக்கு

மல்லேஸ்வரத்தில் வாழும் அன்பர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வயது பதினைந்து. தொலைவிலுள்ள குறியைப் பெருங்குழல் ரைபிளால் சுடும் விளையாட்டில் பையனுக்கு அளவற்ற மோகம் பிறந்திருக்கிறதாம். ஊரிலே மனை வாங்குவதற்கென்று பதினோராண்டு சேர்த்த தொகை வங்கியில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை எடுத்து நல்ல ரைபிள் ஒன்று வாங்கித் தரலாமா, எந்த வகையைத் தெரிந்தெடுப்பது, மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார். பள்ளிக் கட்டணம், வாடகை முன்பணம், ஊர்ப்பயணம் என்று வழக்கமான செலவுகளையே ஆராய்ந்துவந்த இப்பகுதிக்கு இது புதுமையான வினாவே. ஆயினும் ஒரு குடும்பத்தின் மனை இதில் சிக்கியிருப்பதால் சற்று விரிவாகவே விடை கூற முற்படுகிறோம்.

முதலில் சட்டம். நம் நாட்டில் துப்பாக்கிகளை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் விதிகளும் ஆகும். இராணுவத் தோட்டாவான .303, அல்லது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவை ஏற்றுச் சுடவல்ல எந்த ரைபிளும் தடை செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. மத்திய அரசின் தனி அனுமதியின்றி அதை ஒருவர் வைத்திருத்தல் இயலாது. மேல்நாடுகளில் நெடுந்தூரப் போட்டிகளுக்கு மிகவும் பழக்கமான .308 என்னும் தோட்டாவும் இராணுவத்தின் 7.62 தோட்டாவும் வடிவத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே பையன் படத்திலே கண்டு ஆசைப்பட்டது எதுவோ அதுவே பெரும்பாலும் இந்தக் கதவுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைபிளை உரிமம் பெற்ற பலர் வைத்திருப்பதைக் காணலாம். இராணுவத் தோட்டா உள்ளே புகாதபடி தனி அளவு கொண்டிருப்பதே அதன் பிழைப்பின் இரகசியம். பயிர்க்காவலுக்கும் தற்காப்புக்கும் அது உதவலாம். ஆயிரம் கஜத்தில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்குப் பிறந்த கருவி அன்று.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. நெடுந்தூர ரைபிள்களை வடிவமைக்கும் தொழில் நம் பெங்களூரிலேயே நடைபெறுகிறது. எஸ்.எஸ்.எஸ். டிஃபென்ஸ் என்னும் தனியார் நிறுவனம் .338 லபுவா மேக்னம் என்ற பெருந்தோட்டாவுக்கான 'சேபர்' ரைபிளை இந்நகரிலே உருவாக்கியிருக்கிறது. திருச்சிராப்பள்ளியிலும் 1966-ஆம் ஆண்டு தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இரண்டும் பெருமைக்குரியவை. ஆனால் 'சேபர்' படைவீரர்களுக்கென ஆக்கப்பட்டது. சம்பிகே சாலைக் கடையில் கேட்டு வாங்கும் பொருள் அன்று.

அப்படியானால் இவ்விளையாட்டு எங்கேதான் வாழ்கிறது? இங்கிலாந்தில் 1860-ஆம் ஆண்டு விம்பிள்டன் திடலில், தாங்கியில் பொருத்திய விட்வொர்த் ரைபிளை விக்டோரியா அரசியார் கயிறிழுத்துச் சுட்டுத் தொடங்கிவைத்த போட்டி, 1890 முதல் பிஸ்லி என்னுமிடத்தில் நடந்துவருகிறது. 300 கஜம் முதல் 1,000 கஜம் வரை சுடும் போட்டி அது. காமன்வெல்த் விளையாட்டிலும் இதற்கு இடம் இருந்தது. 2010-ஆம் ஆண்டு டில்லியில் நடந்தபொழுது அருகிலுள்ள காதர்ப்பூரில் மத்திய சேமக் காவற்படையின் திடலிலே சுட்டார்கள். ஒலிம்பிக்கிலோ 300 மீட்டர் ரைபிள் போட்டி 1972-ஆம் ஆண்டு மியூனிக்கோடு முடிந்துபோயிற்று. இந்தியாவில் பெருங்குழல் ரைபிளும் அதற்கேற்ற நீண்ட திடலும் இன்று பெரும்பாலும் படையினர் வசமே உள்ளன. மாவ் நகரத்து இராணுவக் குறிசுடும் பிரிவு அதற்குப் பேர்பெற்ற இடம். பிரிட்டனிலோ கனடாவிலோ வாழும் உறவினர் வழியாக ஒன்று தருவிக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். துப்பாக்கி என்பது ஊறுகாய்ச் சாடியைப்போல் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பண்டம் அன்று. உரிமமும் இறக்குமதி அனுமதியும் இன்றி விமான நிலையத்தில் இறங்கினால் வழக்குத்தான் மிஞ்சும்.

பெருங்குழலே சிறந்தது என்ற எண்ணத்தையும் இங்கே சற்று ஆராய்ந்து பார்ப்பது நலம். கனத்த, நீண்ட, கூரிய குண்டு காற்றிலே குறைவாக விலகும். நெடுந்தூரம் ஒலியின் வேகத்தை விஞ்சிச் செல்லும். ஆயிரம் மீட்டரைக் கடந்து சுடுவோர் .338 போன்ற தோட்டாவை நாடுவதன் காரணம் இதுதான். ஆனால் 300 மீட்டர்ப் போட்டியில் 8 மில்லிமீட்டர் வரை விதி இடம் தந்தும், தேர்ந்த வீரர் பலர் 6 மில்லிமீட்டர்த் தோட்டாவையே கையாளுகின்றனர். தோளிலே உதைப்பு குறைவு; அறுபது முறை சுட்ட பின்னும் உடல் சோர்வதில்லை.

குறித்தாளின் அளவும் ஒரு செய்தி சொல்கிறது. 300 மீட்டரில் பத்து எண் பெறும் வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீட்டர். 50 மீட்டரில் அது 10.4 மில்லிமீட்டர். ஆறில் ஒரு பங்கு தூரத்துக்கு வட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது! பத்து மீட்டர்க் காற்று ரைபிளில் அது அரை மில்லிமீட்டர்ப் புள்ளியே. கிட்டத்திலே சுடுவது குழந்தை விளையாட்டு என்று எவரேனும் சொன்னால் இக்கணக்கைக் காட்டலாம். மூச்சை அடக்குதல், விசையை நோகாமல் அழுத்துதல், உடலை எலும்பின்மேல் நிறுத்துதல் என்னும் கலையனைத்தும் பத்து மீட்டரிலேயே கற்கத் தக்கவை. காற்றின் போக்கை அறிவது ஒன்றுதான் தொலைவில் கற்க வேண்டிய தனிப்பாடம்.

இனிச் செலவுக்கு வருவோம். சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்பது இவ்விளையாட்டுக்கென்றே சொன்னது போலிருக்கிறது. ரைபிளின் விலையை ஒரு முறை கொடுக்கிறோம். தோட்டாவின் விலையை வாரந்தோறும் கொடுக்கிறோம். போட்டி ஒன்றுக்கு எண்ணிக்கையில் சேரும் சுடுகள் 60. வாரம் மூன்று நாள், நாளொன்றுக்கு அறுபது என்று அடக்கமாகவே வைத்துக்கொண்டாலும், வாரத்துக்கு 180. ஐம்பது வாரத்துக்கு 9,000. காற்றுத் துப்பாக்கியின் ஈயக்குண்டு டப்பாவுக்கு 500 வீதம் வருமானால் பதினெட்டு டப்பாக்கள். .22 தோட்டா பெட்டிக்கு 50. ஆகவே 180 பெட்டிகள். பெருந்தோட்டா பெட்டிக்கு 20. அதன்படி 450 பெட்டிகள். வாசகர்கள் கடையிலே இம்மூன்றின் விலையையும் கேட்டு இந்த எண்களால் பெருக்கிப் பார்க்கட்டும். ரைபிளின் விலைச்சீட்டைப் பார்த்து மலைத்தவர், இதைக் கண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவர்.

அதோடும் முடிவதில்லை. .22 ரைபிளின் குழல் மெல்லிய ஈயக்குண்டால் நெடுங்காலம் தேயாது. ஒரு தலைமுறைக்கே உழைப்பதுண்டு. பெருங்குழல் ரைபிளில் வெடிமருந்தின் சூடு குழலின் கழுத்தை அரித்துவிடும். சில ஆயிரம் தோட்டாக்களில் அது கூர்மை இழக்கிறது; .338 போன்றவற்றில் இன்னும் விரைவிலேயே. மேற்சொன்ன பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு செய்தாலும் ஆண்டுக்கு 3,000 சுடுகள். ஆண்டுதோறும் புதுக்குழல் தேட வேண்டியதாகலாம். மேல்நாட்டு வீரர்கள் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை மீண்டும் திணித்துச் செலவைக் குறைத்துக்கொள்ளுகின்றனர். இங்கே தோட்டா ஆக்குவதற்கும் உரிமம் தேவை. வீட்டுக் கொல்லையில் செய்வது குற்றம்; அடுப்பங்கரைக்கு அருகில் என்றால் பேராபத்து.

இதற்காக நிலத்தை விற்ற குடும்பங்கள் இல்லாமல் இல்லை. சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்த ககன் நாரங்குக்கு நல்ல ரைபிள் வாங்குவதற்காக அவருடைய பெற்றோர் மனையை விற்றனர் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் 2012-ஆம் ஆண்டு இலண்டனில் காற்று ரைபிளில் வெண்கலம் பெற்றார். 2024-ஆம் ஆண்டு பாரிசில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் பெற்ற கோலாப்பூர் மாவட்டத்து ஸ்வப்னில் குசாலேயின் தந்தையார், மகனுக்குத் தோட்டா வாங்கக் கடன்பட்டார் என்று செய்தி வந்தது. ரைபிளுக்கன்று, தோட்டாவுக்கு! பதக்கம் வென்றவரின் வீட்டுக் கதையே நம் செவிக்கு எட்டுகிறது என்பதையும் மறத்தலாகாது. மனையை விற்றும் பதக்கம் வராத வீடுகளின் கதையை எவரும் அச்சிடுவதில்லை.

நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர்வந்த குடும்பங்களுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இளவேனில் வாலறிவன். கடலூரிலே பிறந்து, குஜராத்திலே வளர்ந்து, ககன் நாரங்கின் பயிற்சிக்கூடத்தில் தேறியவர். 2018-ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த இளையோர் உலகக் கோப்பைப் போட்டியில் தகுதிச்சுற்றிலே 631.4 எண்கள் குவித்துத் தங்கமும் பெற்றார்; 2019-இல் ரியோ நகரில் மூத்தோர் உலகக் கோப்பைத் தங்கமும் வென்றார். அத்தனையும் பத்து மீட்டரில், காற்று ரைபிளால்.

ஆகவே அன்பருக்கு நாம் கூறுவது இது: மனைத் தொகையை இப்போது தொடவேண்டா. முதலாண்டு ரைபிளே வாங்கவேண்டா. மாநில ரைபிள் சங்கத்தோடு தொடர்புடைய பயிற்சிக்கூடம் ஒன்றிலே பையனைச் சேர்த்து, அங்குள்ள துப்பாக்கியாலேயே பழகவிடுக. சேர்ப்பதற்கு முன் அவனுக்கு எந்தக் கண் ஆளும் கண் என்று பார்த்துக்கொள்வது அவசியம். இரு கண்ணும் திறந்து கட்டைவிரலால் தொலைவிலுள்ள விளக்குக் கம்பத்தைக் காட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் செய்தால் தெரிந்துவிடும். வலக்கைக்காரனுக்கு இடக்கண் ஆள்வதுண்டு. இதைப் பாராமல் கட்டை வாங்கினவர்கள் பின்னர் பாதி விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

முதலிலே வாங்கத் தக்கது உடை. தடித்த கித்தானும் தோலும் கொண்டு தைத்த சட்டையும் காற்சட்டையும் உடலுக்குப் பொருந்தியிருத்தல் வேண்டும். பதினைந்து வயதுப் பையன் ஆண்டுக்கு இரண்டங்குலம் வளர்வான். ஆகையால் புதிதைத் தைப்பதைவிட மூத்த பிள்ளைகள் கழித்ததை வாங்குவது கெட்டிக்காரத்தனம்.

பிறகு எண்களைக் குறித்து வருக. அறுபது சுடுகளுக்கு உயர்ந்த அளவு 654. பயிற்சிக்கூடத்துத் துப்பாக்கியிலேயே மூன்று மாதம் தொடர்ந்து 600-க்கு மேல் வருமானால், அப்போது சொந்தக் காற்று ரைபிளைப் பற்றிப் பேசலாம். இது நம் சொந்த அளவுகோல். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் ஆகியவை பேர்பெற்றவை. புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் போகும். .177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல். பழையதை வாங்குவோர் காற்றுக் குடுவையில் பொறித்துள்ள ஆண்டை வாசித்துப் பார்க்கவேண்டும். இத்தகைய குடுவைகளுக்குப் பத்தாண்டு என்று தயாரிப்பாளரே வரம்பு விதித்திருக்கின்றனர். ஒன்பதாண்டு ஆன குடுவையோடு மலிவாக வருவது மலிவன்று; புதுக்குடுவையின் விலையையும் கூட்டிக்கொண்டே பேரம் பேசுக.

.22 கட்டத்துக்கு வரும்போதுதான் உரிமம் குறுக்கிடும். இருபத்தொரு வயது நிரம்பாதவருக்குச் சட்டம் பொதுவாக உரிமம் தருவதில்லை. விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும் தனி விலக்குகள் உள்ளன. அவற்றைச் சங்கத்தின் வாயிலாகவே பெறவேண்டும். பெங்களூர் நகரில் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர். வாடகை வீட்டில் வாழ்வோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உரிமம் பெற்றவர் வீடு மாறினால் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்தே தீரவேண்டும். வேறு மாநிலத்துக்கு மாற்றலானால் அங்குள்ள அதிகாரியிடமும் பதிந்துகொள்ள வேண்டும். தேர்தற் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்குமாறு உத்தரவு வரும்; வீரர்களுக்கு விலக்கு வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பம் எழுதுக. வீட்டிலே பூட்டிய இரும்புப் பெட்டியும், தோட்டாவுக்கு வேறொரு பூட்டும், இரண்டின் சாவியும் பெரியவரிடமும் இருத்தல் வேண்டும். இப்பெட்டியின் விலையையும் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுக. பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

பையன் கர்நாடகத்தின் சார்பில் ஆடுவதா, தமிழ்நாட்டின் சார்பில் ஆடுவதா என்றும் அன்பர் ஒரு வரி எழுதியிருக்கிறார். இரு மாநிலங்களின் சார்பிலும் ஆட இயலாது. பயிற்சி எங்கே, பள்ளி எங்கே, வாரம் மூன்று நாள் பேருந்திலே போய்வரத் தக்க திடல் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை கர்நாடகம் என்றே நமக்குப் படுகிறது. ஊர்ப்பற்றை மனையிலே காட்டலாம். அந்தத் தொகை வங்கியில் அப்படியே இருக்கிறதல்லவா?