ஆண்டிஸ் மலையில் ட்ரெக்கிங் ப்ளஸ் சேவை: பெயின்ட் அடிக்கும் முன் போர்ட்டரைப் பாருங்கள்!

பத்து நண்பர்கள், இரண்டு வார லீவு, பெரு நாட்டுக்கு ஃப்ளைட். முதல் வாரம் இன்கா ட்ரெயில் வழியாக மச்சு பிச்சுவுக்கு நடை. இரண்டாவது வாரம் ஏதாவது ஒரு மலைக் கிராமத்தில் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட், குழந்தைகளுக்கு இங்கிலீஷ் கிளாஸ். 'ட்ரெக்கிங் ப்ளஸ் வாலன்டியரிங்' என்று இப்படிப்பட்ட பேக்கேஜ்கள் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஒரு குழு அந்த மலைக்குச் செய்யக்கூடிய பெரிய நல்லது இரண்டாவது வாரத்தில் இல்லை. முதல் வாரத்திலேயே இருக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஒருவர் நடக்க, ஒன்றரை பேர் வேலை

கணக்கு சிம்பிள். இன்கா ட்ரெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் சுற்றுலாப் பயணிகள் சுமார் 200 பேர். மீதி 300 பேரும் கைடுகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள். அதாவது பத்து பேர் நடக்க வேண்டுமென்றால், கிட்டத்தட்ட பதினைந்து பேர் கூடவே வேலை செய்கிறார்கள்.

டென்ட், ஸ்டவ், கேஸ் சிலிண்டர், நான்கு நாள் சாப்பாட்டுச் சாமான் எல்லாம் போர்ட்டர்களின் முதுகில்தான் போகிறது. சுமார் 43 கிலோமீட்டர் பாதை. நடுவில் 4,200 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். பயணிகள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில், போர்ட்டர்கள் அவர்களைத் தாண்டி முன்னே போய் டென்ட் போட்டு, சூப் கொதிக்க வைத்திருப்பார்கள். இவர்களில் பெரும்பாலானோர் கெச்சுவா மொழி பேசும் மலைக் கிராம விவசாயிகள்.

இவர்களுக்காகப் பெருவில் 2001-லேயே தனிச் சட்டம் வந்தது. ஒரு போர்ட்டர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். பாதையின் தொடக்கத்தில் மூட்டைகளை எடை போட்டும் பார்க்கிறார்கள். ஆனால் நியாயமான கூலி, மழை தாங்கும் டென்ட், நல்ல ஷூ, வயிறார சாப்பாடு இதெல்லாம் கிடைக்கிறதா என்பது ஏஜென்சியைப் பொறுத்தது. உரிமம் பெற்ற ஏஜென்சி இல்லாமல் இந்தப் பாதையில் நடக்க முடியாது. ஆக, எந்த ஏஜென்சிக்குப் பணம் போகிறது என்பதை முடிவு செய்வது குழுதான். ரேட்டை அடித்துப் பேசிக் குறைத்தால், அந்தக் குறைப்பு கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

சும்மா போவதைவிட ஏதாவது செய்வது நல்லதுதானே?

நியாயமான கேள்வி. நல்ல மனசுடன்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் ஸ்பானிஷும் தெரியாமல், கெச்சுவாவும் தெரியாமல், ஐந்து நாளில் ஒரு வகுப்புக்கு என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்? பெயின்ட் அடிக்க அந்த ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவைப்படுவது கூலி. அடுத்த வாரம் வேறொரு குழு வந்து அதே பாட்டை முதலிலிருந்து நடத்தினால், குழந்தைகளின் படிப்புக்குத்தான் நஷ்டம்.

அநாதை இல்லங்களுக்குப் போவது இன்னும் சிக்கல். வெளிநாட்டினர் வந்து காசு கொடுக்கிறார்கள் என்பதற்காகவே, பெற்றோர் உள்ள குழந்தைகளையும் இல்லங்களில் சேர்ப்பது நேபாளம், கம்போடியா போன்ற நாடுகளில் வெளிச்சத்துக்கு வந்த விஷயம்.

அதற்காக எல்லா வாலன்டியரிங்கும் வீண் என்று அர்த்தமில்லை. உள்ளூர் அமைப்பே கேட்டு, தேவையான தொழில் தெரிந்தவர், மாதக்கணக்கில் தங்கி வேலை செய்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு நர்ஸ், ஒரு தண்ணீர்க் குழாய் இன்ஜினீயர் மாதிரி. இரண்டு வார லீவில் அது நடக்காது, அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரத்தை என்ன செய்வது?

உடம்புக்குக் கொடுக்கலாம். லிமா கடலோர நகரம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஃப்ளைட்டில் இறங்கும் குஸ்கோ, சுமார் 3,400 மீட்டர் உயரம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை எல்லாம் அங்கேயே ஆரம்பிக்கலாம். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது விதி.

அதனால் குஸ்கோவில் தங்காமல், அதைவிடத் தாழ்வாக, சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் ஒயான்டாய்டாம்போ போன்ற ஊர்களில் சில நாள் தங்கி, பிறகு ஏறுவது நல்லது. உள்ளூர் வீடுகளில் அறை எடுத்து, உள்ளூர்க் கடையில் சாப்பிட்டால் பணம் நேராக ஊருக்கே போகும். இன்னொன்றும் இருக்கிறது. அவசரப்பட்டு ஏறிய ஒருவர் கணவாயில் சுருண்டு விழுந்தால், அவரைக் கீழே கொண்டுவருவதும் பெரும்பாலும் போர்ட்டர்கள்தான்.

அட்வான்ஸ் கட்டும் முன் கேட்க வேண்டியவை

• போர்ட்டருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? டிப்ஸைக் கூலியில் கழிக்கிறார்களா?
• அவர்கள் எங்கே தூங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்?
• விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் உண்டா?
• பயணி ஒருவர் எத்தனை கிலோ கொடுக்கலாம்? அதற்கு மேல் போனால் கூடுதல் ஆள் வைப்பார்களா?
• யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கீழே இறக்க என்ன ஏற்பாடு?

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுவார்கள். அனுமதிச் சீட்டு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், மாதங்களுக்கு முன்பே ஏஜென்சியிடம் பேச வேண்டியிருக்கும். முதல் மெயிலிலேயே இந்தக் கேள்விகளையும் சேர்த்து அனுப்பலாம். நேராகப் பதில் சொல்லாத ஏஜென்சியை, எவ்வளவு சீப்பாக இருந்தாலும், விட்டுவிடுவதே நல்லது.