காலணியைக் கழற்றிக் கொடுத்தவர்



பள்ளிகளில் விளையாட்டு விழாக்கள் தொடங்கிவிட்டன. "மகன் மாவட்டப் போட்டியில் ஓடுகிறான், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று இந்த மாதமும் உங்களில் சிலர் எழுதியிருக்கிறீர்கள். கட்டாயம் ஜெபிக்கிறோம். ஆனால், அந்தப் பிள்ளைக்காக எதைக் கேட்பது? இப்படி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிக் லிடலின் நினைவு வரும்.

அவர் கதையின் முதல் பாதி உங்களில் பலருக்குத் தெரியும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவருக்குக் கைவந்த 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தது. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று அந்த ஸ்காட்லாந்து இளைஞர் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். அந்த ஞாயிறன்று மைதானத்துக்குப் போகாமல், பாரிசிலிருந்த ஸ்காட்லாந்துச் சபையில் பிரசங்கித்தார். பிறகு 200 மீட்டரில் வெண்கலம் வென்றார். ஜூலை 11 அன்று 400 மீட்டரை 47.6 விநாடிகளில் ஓடித் தங்கமும் வென்றார்.

நம் பிரசங்கங்களிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பெரும்பாலும் கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. கர்த்தரைக் கனப்படுத்தினார், தங்கம் கிடைத்தது என்று நிறுத்திக்கொண்டால், பிள்ளைகள் அதைக் கொடுக்கல் வாங்கலாகத்தானே எடுத்துக்கொள்வார்கள்? தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கு அந்தக் கதையில் இடமே இல்லாமல் போகிறதே! அதனால்தான் இரண்டாம் பாதியையும் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தங்கம் வென்ற மறு ஆண்டே, 23 வயதில், லிடல் சீனாவுக்குப் புறப்பட்டார். மிஷனரிப் பெற்றோருக்கு அவர் பிறந்த தியான்ஜின் நகரிலேயே கல்லூரி ஆசிரியரானார். பின்னர் போர் சூழ்ந்த கிராமங்களில் ஊழியம் செய்தார். ஆபத்து நெருங்கிய 1941-ல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவேயில்லை.

1943-ல், சீனாவை ஆக்கிரமித்திருந்த ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. விடியுமுன் எழுந்து, கடலை எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபிப்பார். பிறகு நாள் முழுவதும் பிறருக்காக உழைப்பார். பெற்றோரைப் பிரிந்திருந்த பிள்ளைகளுக்கு அறிவியல் கற்றுக்கொடுத்தார், விளையாட்டுகள் நடத்தினார். அவர்களுக்கு அவர் ஒலிம்பிக் வீரர் அல்ல, 'எரிக் அங்கிள்'.

அந்த முகாமில் நடந்த ஒரு சம்பவம் என் மனதை விட்டு அகல்வதில்லை. ஓய்வுநாளை மதித்து ஞாயிறன்று அவர் விளையாட்டு நடத்துவதில்லை. அவர் இல்லாமல் பிள்ளைகளே ஹாக்கி ஆடியபோது அது அடிதடியில் முடிந்தது. அதன்பின் ஒரு ஞாயிறன்று லிடல் தாமே நடுவராக வந்து நின்றார். ஆம், ஞாயிற்றுக்கிழமைக்காக ஒலிம்பிக் பந்தயத்தையே விட்டவர்!

தம் கொள்கையை அவர் கைவிட்டாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கொள்கை அவர் பெயரை உலகமெங்கும் பரப்பியிருந்தது. அதை ஒரு பதக்கம்போல மார்பில் குத்திக்கொண்டு அவர் ஒதுங்கி நின்றிருக்கலாம். ஆனால் அந்த நாளை அவர் ஆண்டவருக்குத்தான் கொடுத்திருந்தார், தம் பெருமைக்கு அல்ல. ஆகவே பிள்ளைகளின் சமாதானத்துக்காக அதே நாளில் மைதானத்தில் இறங்க அவருக்குத் தயக்கமில்லை. வெற்றியை இழக்கத் துணிகிற தாழ்மையை நாம் கண்டிருக்கிறோம். தன் நற்பெயரையும் பிடித்துவைத்துக்கொள்ளாத தாழ்மை அதைவிட அரிது.

குளிர்காலத்தில், காலணி கிழிந்துபோன ஒரு சிறுவனுக்குத் தம் ஓட்டக் காலணியையே கொடுத்தார். தேய்ந்து, நூலால் கட்டித் தைத்த காலணிதான். பகைவருக்காக ஜெபிக்கவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுவன் வளர்ந்து, தங்களைச் சிறைவைத்த ஜப்பானுக்கே மிஷனரியாகப் போனான்.

1945 பிப்ரவரி 21 அன்று, மூளைக் கட்டியால் லிடல் இறந்தார். வயது 43. முகாமுக்கு விடுதலை கிடைக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. தேவனைச் சார்ந்து வாழ்ந்தவருக்குக் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் கடைசி மூச்சில் அவர் செவிலியரிடம் பேசியது தம்மை முழுவதுமாக ஒப்புக்கொடுப்பதைப் பற்றித்தான்.

அன்பான பெற்றோரே, உங்கள் பிள்ளை நன்றாக ஓடட்டும், முதலாவதாகவும் வரட்டும். அதற்காகவும் ஜெபிப்போம். கூடவே இன்னொன்றையும் கேட்போம்: கால்களுக்கு வேகம் தந்த ஆண்டவர், ஓட்டம் முடிந்தபின் காலணியைக் கழற்றிப் பிறருக்குக் கொடுக்கும் மனதையும் அவனுக்குத் தரட்டும்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஆசிரியர்