சினிமா பாட்டு ஓகே... உங்க சொந்தப் பாட்டு ஒண்ணு பாடுங்க!

'சின்ன மச்சான்' பாட்டைக் கேட்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. 2019 ஜனவரியில் வெளியான 'சார்லி சாப்ளின் 2' படத்தில் வந்ததால், அதைச் சினிமா பாட்டு என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் சினிமாவுக்குப் போவதற்கு முன்பே மேடைகளில் பாடிப் பாடிப் பழுத்த பாட்டு அது. எழுதியவர் செல்ல தங்கையா. பாடியவர்கள் செந்தில் கணேஷ் - ராஜலட்சுமி தம்பதி. செந்தில் கணேஷின் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள களபம். 2018-ல் 'சூப்பர் சிங்கர்' பட்டத்தை வென்றதும் இவர்தான். சினிமா பாட்டுகளுக்கான போட்டி மேடையில் கிராமியப் பாட்டைப் பாடி ஜெயித்தார்.

சினிமாவையோ பெரிய கம்பெனியையோ எதிர்பார்க்காமல், தாங்களே எழுதி, மெட்டுப் போட்டு, மேடையேறும் குழுவுக்கு இப்போது 'இண்டி பேண்ட்' என்று பெயர். என் வயதுக்காரர்கள் பலர் இதை கிடாரோடு வந்து இறங்கிய புதுச் சரக்கு என்று நினைக்கிறார்கள். கிராமியக் கலைக்குழுக்கள் இதை எத்தனையோ காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன, பெயர்தான் புதுசு.

ரெண்டு வரியில் தொடங்கும்

சரி, ஒரு புதுப் பாட்டு எப்படி உருவாகிறது? யாரோ ஒருவர் ரெண்டு வரியும் அரைகுறை மெட்டும் கொண்டுவருவார். பாடகருக்கு எந்தச் சுருதி ஒத்துவரும் என்று முதலில் பார்ப்பார்கள். அடுத்து தாளம். கொஞ்சம் வேகம் கூடினால் குத்துப்பாட்டு ஆகிவிடும், குறைந்தால் தாலாட்டாகிவிடும். அது முடிந்தால்தான் எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்ற பேச்சே வரும்.

பயிற்சியில் பாதி வேலை, சேர்ப்பது அல்ல, எடுப்பது. எல்லோரும் எல்லா நேரமும் வாசித்தால் வார்த்தை காதில் விழாது. போனில் பதிவு செய்து திரும்பக் கேட்கும்போதுதான் அது புரியும். பறையையும் கிடாரையும் சேர்த்து வைத்தால் இன்னொரு சிக்கல். கிடாருக்குக் கம்பியை முறுக்கினால் போதும். தோல் பறையைத் தீயில் காய்ச்சி எடுக்க வேண்டும். ஈரக்காற்று பட்டால் சத்தம் இறங்கிவிடும்.

2017-ல் இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை நினைத்துப் பாருங்கள். கானா, ராப், ராக் என்று வெவ்வேறு பழக்கத்தில் வளர்ந்த 19 பேர். 2018 ஜனவரி 6-ல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் அவர்களின் முதல் கச்சேரி. மேடையில் நாம் பார்த்தது சில மணி நேரம்தான். அந்த 19 பேரும் ஒருவர் பாட்டில் இன்னொருவருக்கு இடம் விடப் பழகிய நாள்களை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்க்கவில்லை.

பாறையில் எழுதிய பயிற்சி

பயிற்சியின் அருமையைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கிறது குடுமியான்மலை. அங்கே கோயிலை ஒட்டிய பாறையில் 7 அல்லது 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு நான்காக அடுக்கிய சுரங்கள். உருத்திராசாரியாரின் சீடரான ஒரு மன்னர், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்கிறது.

கவனித்தீர்களா? அந்த மன்னர் நினைத்திருந்தால் தன் புகழ் பாடும் பாட்டைச் செதுக்கியிருக்கலாம். சுரப் பயிற்சியைச் செதுக்கினார்!

கஞ்சிராவின் கதையும் இதே ஊர்தான். பஜனைகளில் தட்டிக்கொண்டிருந்த சின்ன வாத்தியத்தை, கர்னாடகக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. ஒற்றைக் கையால் வாசிக்கும் அந்த வாத்தியம் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார எவ்வளவு சாதகம் தேவைப்பட்டிருக்கும்!

யார் பாடுவார்கள்?

இன்றைக்குச் சின்ன ஊரில் நாலு பேர் சேர்ந்து பாட்டுப் பழக நினைத்தால், முதல் கேள்வியே 'எங்கே?' என்பதுதான். வீட்டில் தாத்தா தூங்குகிறார். எதிர்வீட்டில் பிளஸ் டூ பரீட்சை. அடுத்த கேள்வி காசு. திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் சினிமா பாட்டுக்குத்தான் அழைப்பு. சொந்தப் பாட்டுக்குச் செலவழிக்கும் மாலைகளுக்குச் சம்பளம் கிடையாது. கஷ்டப்பட்டு ஒன்றைத் தயார் செய்து மேடையில் தொடங்கினால், கூட்டம் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறது.

'நல்ல பாட்டுதான் ஆயிரக்கணக்கில் போனிலேயே இருக்கே, புதுசு எதுக்கு?' என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அடித்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் வருஷக்கணக்கில் வளர்த்த தென்னைகள் ஒரே ராத்திரியில் சாய்ந்தன. பிள்ளையைப் போல வளர்த்த மரம் விழுந்தவர் மனசை எந்த ஹீரோவின் அறிமுகப் பாட்டில் தேடுவது? அதை அந்த ஊர்க்காரர்தான் எழுத வேண்டும். அவர் எழுதாவிட்டால் அந்தப் பாட்டு இல்லவே இல்லை.

குழுவாக இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ரெண்டு விஷயம். ஒவ்வொரு பயிற்சியையும் போனில் பதிவு செய்து தேதி போட்டு வையுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது என்பதை அன்றைக்கே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பதிவு அலுவலகம் போகாவிட்டாலும், படைத்த நாளிலிருந்தே காப்புரிமை படைத்தவருக்குத்தான். ஆனால் யார் படைத்தார் என்பதைக் காட்ட ஆதாரம் வேண்டுமே! பாட்டு ஹிட்டான பிறகு இதைப் பேசினால் நட்பே உடையும்.

பெரியவர்களுக்கு ஒரு விஷயம். முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபமும், சாயங்காலத்தில் பள்ளிக்கூட அறையும் சும்மாதான் கிடக்கின்றன. வாரம் ரெண்டு மணி நேரம் சாவியைக் கொடுத்தால் போதும். விழாவுக்குக் குழுவை அழைக்கும்போது, "பத்து சினிமா பாட்டு பாடுங்கப்பா... நடுவுல உங்க பாட்டு ஒண்ணு" என்று சொல்லிவிடுங்கள்.

அந்தப் பாட்டு முதல் தடவை கொஞ்சம் தடுமாறலாம். எழுந்து போகாமல் கேளுங்கள். 'சின்ன மச்சான்' பாட்டையும் ஏதோ ஓர் ஊரில், யாரோ சிலர் முதல் தடவையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.