வினாக்குறியாகும் தமிழ்ப் பெயர்கள்

பள்ளிகளின் பெயர்ப் பட்டியலும் மதிப்பெண் பட்டியலும் இன்று கணினி விரிதாள்களில் எழுதப்பெறுகின்றன. ஒரு மென்பொருளில் எழுதியதைப் பிறிதொன்றில் திறந்தால் தமிழெழுத்து உருக்குலைந்து நிற்பதும் உண்டு. உடனே எழும் தீர்ப்பு யாது? “தமிழ் கணினிக்கு ஒவ்வாது, ஆங்கிலத்திலேயே எழுதிவிடுக” என்பதே! ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமானின் தகடூராம் தருமபுரியிலும் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஏறுவது இவ்வாறுதான்.

குற்றம் தமிழினதா? அன்று. இங்குள்ள பூட்டுகள் இரண்டு.

முதலாவது, எழுத்துக் குறியேற்றம். பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியலே எஞ்சும். 1999 இல் இருவகைக் குறியேற்றங்களை ஏற்ற தமிழ்நாட்டரசு, 2010 சூனில் ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றம் ஒன்றையும் செந்தரமாக்கியது. பழங்கோப்புகளோ தாமாக மாறுவன அல்ல.

இரண்டாவது, கோப்பின் அமைப்பு. எக்செல் மென்பொருளின் பழைய கோப்பமைப்பு ஒரு தாளில் 65,536 கிடைவரிசைகளையே ஏற்கும். 2007 இல் வந்த புதிய அமைப்போ 10,48,576 வரை ஏற்கும். புதியதைப் பழையதாக மாற்றினால் மிகுதி அறுபட்டுப்போம். காற்புள்ளியிட்ட வெற்றுக்கோப்பாக மாற்றினால் ஒரு தாளே மிஞ்சும். கணக்கு வாய்பாடுகள் மறைந்து விடைகளே நிற்கும். ஒருங்குறியைத் தேர்ந்து பதியாவிடில் தமிழெழுத்தெல்லாம் வினாக்குறிகளாகிவிடும். தமிழ்ப் பிள்ளையின் பெயர் வினாக்குறியாவதினும் இழிவு உண்டோ?

தொல்காப்பியர் எழுத்திலக்கணத்தை ஒளித்துவைத்து விலை கூறினாரல்லர். கோப்பிலக்கணமும் அவ்வாறே வெளிப்பட நிற்றல் வேண்டும். திறந்த ஆவண அமைப்பு அத்தகையது. எந்த ஒரு நிறுவனத்தின் தனியுடைமையும் அன்று. 2006 இல் அனைத்துலகச் செந்தரமாயிற்று. லிப்ரே ஆபிசு என்னும் விலையிலா மென்பொருள் அதனையும் எக்செல் கோப்புகளையும் திறக்கும். தமிழ் முகப்பும் உடையது.

ஆகலின், ஆசிரியப் பெருமக்களே! பட்டியல்களை ஒருங்குறியிலேயே எழுதுக. பழங்கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் எழுத்தையும் பின்னர் அமைப்பையும் மாற்றுக. எழுத்தை மாற்றும் கருவிகள் விலையின்றியே கிடைக்கின்றன. மாற்றியபின் வரிசைகளை எண்ணுக. பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுக. “எழுத்து வரவில்லை” எனச் சொல்லி எவரேனும் ஆங்கிலப் பட்டியல் கேட்பின், திருத்திய தமிழ்ப் பட்டியலையே அவர் கையில் கொடுங்கள்.

பூட்டுத் திறக்கவில்லை என்பதற்காக வீட்டை விற்பார் உளரோ?