கோசம்பி நகரத்து இல்லறத்தார்

2003ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் திகதி, கொழும்பு சுதந்திர சதுக்கத்தில் கங்கொடவில சோம தேரரின் இறுதிக் கிரியை நடைபெற்றபோது திரண்ட மக்கள் வெள்ளத்தைக் கண்டவர்கள் எளிதில் மறவார். அம்மாதம் 12ஆம் திகதி ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அவர் காலமானார். எளிய சிங்களத்தில், தொலைக்காட்சி வாயிலாக, மதுவையும் மூடப் பழக்கங்களையும் சாடியவர் அவர். தேவர்களை வழிபடுதல் பௌத்தமன்று என்று இடித்துரைத்தவர். அத்தகையவரையே அடியார்கள் தேவராக்கிவிட்டனர்; விந்தை இதுவன்றோ! மாரடைப்பே காரணம் என்பதைப் பலர் ஏற்க மறுத்தனர், சதி என்றனர். பழி கிறிஸ்தவர்மேல் விழுந்தது. தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2004 ஏப்ரல் பொதுத் தேர்தலில், பிக்குமாரையே வேட்பாளராக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமய ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. துயரம் வாக்காக மாறியதில் எத்துணை விரைவு!

இல்லறத்தார் ஒரு துறவியிடம் அன்பு கொள்வதைக் குறைகூற நாம் முன்வரவில்லை. பிள்ளை பிறந்தால் பிரித் ஓதவும், மூத்தவர் இறந்தால் இறுதிக் கடன் ஆற்றவும் வீட்டு வாயிலுக்கு வருபவர் அவரே. அன்பு பிறவாதிருந்தால்தான் வியப்பு. ஆயின், அவ்வன்பின் ஆபத்தை முதன்முதல் எடுத்துரைத்தவர் பௌத்தத்தின் பகைவர் எவருமல்லர், புத்தர் பெருமானே.

தனியொருவர்மேல் நம்பிக்கை வைப்பதால் விளையும் ஐந்து தீங்குகளை அங்குத்தர நிகாயத்துச் சூத்திரமொன்று கூறுகிறது. விருப்பத்துக்குரிய பிக்குவைக் குற்றத்துக்காகச் சங்கம் விலக்கிவைக்கலாம், கடைசி இருக்கையில் அமர்த்தலாம், அவர் வேறு தேசம் போகலாம், காவியைக் களையலாம், இறக்கலாம். எது நேரினும், அவரையே நம்பியிருந்தவர் மனம் கசந்து ஏனைய பிக்குமாரை நாடாதொழிகிறார். நல்லறத்தைக் கேளாது அதனின்றும் வழுவுகிறார். இங்கே ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். ஊர் மாறுவதும் உயிர் துறப்பதும் பிக்குவின் குற்றமல்லவே! ஆசான் மாசற்றவராயினும் இத்தீங்கு நேரும் என்பதே சூத்திரத்தின் கருத்து. தம் திருமேனியழகையே கண்டு களித்திருந்த வக்கலிக்கும், இவ்வுடலைக் காண்பதால் ஆவதென்ன, தருமத்தைக் காண்பவனே என்னைக் காண்பவன் என்றே பெருமான் உணர்த்தினார்.

இஃது அவர்கள் மதத்து உள்விவகாரம், நமக்கென்ன என்று தமிழ் மக்கள் இருந்துவிட முடியுமா? 1957 ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தனர். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் றோஸ்மீட் பிளேஸில் பிரதமரின் இல்லத்தின்முன் அமர்ந்தனர், உடன்படிக்கை கைவிடப்பட்டது. மே மாதத்தில் குருதி சிந்தியது. அப்பிக்குமாரை விழுந்து வணங்கித் தானம் வழங்கிய தாயகருள், "ஹாமுதுருவே, இது தருமமா?" என்று கேட்கத் துணிந்தவர் எத்தனை பேர்? கேளாமையின் பயனைத் தமிழர் மட்டுமா அனுபவித்தனர்? 1959 செப்டெம்பர் 25ஆம் திகதி அதே பிரதமரைச் சுட்டவர் சோமராம தேரர். சதிக்காகத் தண்டிக்கப்பட்டவர் களனி விகாரையின் அதிபதி புத்தரக்கித்த தேரர். 1956 தேர்தலில் அப்பிரதமரின் வெற்றிக்கு உழைத்தவர்!

(மேடையில் முழங்குவோரின் குரலில் மயங்கிக் கேள்வியை மறப்பது சிங்கள மக்களுக்கு மட்டும் உரிய குறையன்று. நம் வீட்டுக் கதையையும் நாம் அறிவோம்.)

பிக்குவிடம் கேள்வி கேட்பது பாவம் என்று எண்ணும் பௌத்த அன்பர்கள் விநய பிடகத்திலுள்ள கோசம்பி வரலாற்றைப் படிக்கவேண்டும். அந்நகரத்துப் பிக்குமார் அற்பக் காரணத்தால் இரு பிரிவாகிப் பூசலிட்டனர். புத்தர் நேரில் அறிவுரை கூறியும் கேளாராயினர். அவர் நகரை விட்டு அகன்றார். அப்பொழுது கோசம்பி இல்லறத்தார் கூடி ஒரு முடிவு செய்தனர்: இப்பிக்குமாரைக் கண்டு எழமாட்டோம், வணங்கமாட்டோம், பிச்சையும் இடமாட்டோம். வெறும் பாத்திரத்தோடு திரும்பிய பிக்குமார் சாவத்தி நகருக்குச் சென்று, புத்தரின் முன்னிலையில் தம் பிணக்கைத் தீர்த்துக்கொண்டனர்.