எழுத்து சரி, அர்த்தம் என்ன?

விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் வயிற்றுப் பேரனுக்கும் எனக்கும் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்னத் தகராறு. காரணம், ஆங்கிலப் பேப்பரில் வரும் சொற்புதிர். ஈ, ஐ, எல், என், எஸ், டி என்று ஆறு எழுத்து கொடுத்திருந்தார்கள். ஆறையும் பயன்படுத்தி எத்தனை சொல் அமைக்கலாம் என்பது கேள்வி.

நான் பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் கிறுக்கத் தொடங்கினேன். காபி ஆறுவதற்குள் இரண்டு சொல் அகப்பட்டன: லிசன், சைலன்ட். லிசனில் டி என்ற எழுத்து உண்டு, ஆனால் ஒலிக்காது. பிரெஞ்சு மீடியத்தில் படித்தவனுக்கு வாயைத் திறக்காத எழுத்துகள் பழகிப்போனவைதானே!

பேரன் செல்போனில் அந்த ஆறு எழுத்தையும் தட்டினான். கண் மூடித் திறப்பதற்குள் என்னுடைய இரண்டோடு என்லிஸ்ட், இன்லெட்ஸ், டின்சல் என்று மேலும் மூன்று வந்துவிட்டன.

"டின்சல்னா என்னடா?"

"தெரியாது தாத்தா. ஆனா கரெக்ட்."

இந்த "தெரியாது, ஆனா கரெக்ட்" என்ற பதில்தான் என்னை இதை எழுத வைத்தது.

செல்போன் இதை எப்படிச் செய்கிறது என்று பேரனே விளக்கினான். அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகர வரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டால் போதுமாம். லிசனை அடுக்கினாலும் சைலன்ட்டை அடுக்கினாலும் ஒரே வரிசைதான் வரும். நாம் தரும் எழுத்துகளையும் அப்படியே அடுக்கி, பொருந்துவதை எடுத்துக் கொடுக்கிறது. ஆபீஸில் ஒரே நம்பரில் கட்டி வைத்த காகிதங்களை ரெக்கார்டு ரூமிலிருந்து எடுத்து வருவது போலத்தான். எடுத்து வருபவர் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டியதில்லை. செல்போனும் படிப்பதில்லை.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது நான் சின்னப் பையன். பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில். கிளார்க்காக வேலையில் சேர்ந்தபோது பார்த்தால் கோப்பு, குறிப்பு எல்லாம் ஆங்கிலம். முதல் வருடம் இரண்டு நாள் லீவு வேண்டியிருந்தது. பிரெஞ்சில் 'துமாந்தே' என்றால் கேட்பது, அவ்வளவுதான். அதே எழுத்துகளோடு ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கிறதே என்று தைரியமாக 'டிமாண்ட்' என்று எழுதி நீட்டினேன். சூப்பரிண்டெண்டெண்ட் படித்துவிட்டு, "ஏம்ப்பா, லீவு கேக்கிறியா, மிரட்டுறியா?" என்றார். செக்ஷன் முழுக்கச் சிரித்தது. எழுத்தெல்லாம் சரிதான், அர்த்தம்தான் காலை வாரியது.

ஆனால் நல்ல மனிதர். மறுநாள் முதல் மதியச் சாப்பாட்டு வேளையில் பேப்பரில் வரும் சொற்புதிரைக் கிழித்து என் மேசையில் வைப்பார். கண்டுபிடித்த ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தமும் சொந்தமாக ஒரு வாக்கியமும் எழுத வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அர்த்தம் தெரியாத சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். நான் ஓரளவு ஆங்கிலம் எழுதக் கற்றது அந்த நோட்டில்தான். அதன் பிறகு லீவை ஒழுங்காகக் கேட்டேன். பிரமோஷன் தாமதமானபோது மனு எழுத இன்னொருவர் கையை எதிர்பார்க்கவில்லை.

பேரன் விடுவானா? "தாத்தா, ஒருத்தர் பிரெஞ்சே தெரியாம பிரெஞ்சு ஸ்க்ராபிள்ல உலக சாம்பியன் ஆனாரே!" என்றான். உண்மைதான். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் ஒன்பது வாரத்தில் பிரெஞ்சு ஸ்க்ராபிள் அகராதியை மனப்பாடம் செய்து, 2015-ல் பெல்ஜியத்தில் நடந்த போட்டியில் ஜெயித்தார். பிரெஞ்சு ஸ்க்ராபிளில் ஈ என்ற எழுத்துக்கு மட்டும் 15 வில்லைகள் உண்டு. ஆங்கிலத்தில் அது 12. ஆங்கிலத்தில் 4 புள்ளி பெறும் டபிள்யூவுக்குப் பிரெஞ்சில் 10 புள்ளி. இவ்வளவு வித்தியாசத்தையும் மீறி ஒருவர் ஜெயிக்கிறார். பிரெஞ்சிலேயே படித்து வளர்ந்த நான் அவர் எதிரில் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஜெயித்தது விளையாட்டில். அதற்கு அர்த்தம் தேவையில்லை. அவரும் செல்போனைத் தட்டவில்லை, தலையில்தான் ஏற்றினார். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்க்ராபிள் கோப்பை இலக்கு அல்ல. நாளைக்கு ஒரு மனு எழுத வேண்டும், இன்டர்வியூவில் பதில் சொல்ல வேண்டும், படித்ததைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே "தெரியாது, ஆனா கரெக்ட்" செல்லாது.

அதற்காகச் செல்போனைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றாத மூன்று சொல்லை அது தந்ததே! முறையை மட்டும் மாற்றினால் போதும். முதல் பத்து நிமிடம் பென்சிலும் தாளும். பிறகு செல்போனைப் பார்க்கலாம். கடைசியாக, அது தந்தவற்றில் தெரியாத சொல் ஒன்றையாவது அகராதியில் தேடி, சொந்த வாக்கியம் ஒன்று எழுத வேண்டும். சிவப்பு மைப் பேனா என் கையில் இருக்கும். பேரப்பிள்ளைகள் உள்ள நண்பர்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். நமக்கும் பொழுது நன்றாகப் போகும்.

பேரன் முணுமுணுத்துக்கொண்டே அகராதியைப் புரட்டினான். "ஜிகினாவா! கிறிஸ்துமஸ் மரத்துல பளபளன்னு தொங்குமே, அதா?" என்றான்.

அதேதான். இனி அந்தச் சொல்லை அவன் மறக்க மாட்டான். இந்த வயதில் கற்றுக்கொண்ட நான் மறக்காமல் இருக்க வேண்டும்.