ஊனம்: பெருமையா, சிறுமையா?



மனிதரை அவர்தம் குறையின் பெயரால் அழைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் முற்றாக ஒழியவில்லை. அதற்கு மாற்றாகவே 2010இல் தமிழக அரசு 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல்லை ஆட்சிமொழியில் கொண்டுவந்தது. 2015 டிசம்பரில் பிரதமர் மோடி 'திவ்யாங்', அதாவது தெய்விக உறுப்புடையோர், என்னும் சொல்லை முன்மொழிந்தார். ஊனமுற்றோர் அமைப்புகள் பல அதனை எதிர்த்தன. பட்டம் வேண்டா, உரிமையே வேண்டும் என்பது அவற்றின் வாதம்.

ஊனத்திற்காகப் பெருமைப்படுகிறோம் என்போரும் உளர். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இதற்கென ஊர்வலமே நடைபெற்றது. காது கேளாதோருள் பலர், சைகைமொழி பேசும் தனிச் சமுதாயமாகவே தம்மைக் கருதுகின்றனர். மறுசாராரோ, தீராத வலி எவ்வாறு பெருமையாகும் என வினவுகின்றனர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவின் பெருமை அவரது பயிற்சிக்கா, சிறுவயதில் பேருந்து ஏறி நசுங்கிய காலுக்கா?

இரு தரப்பிலும் உண்மை உண்டு. பிறரைத் தாழ்வாக எண்ணுவதே நாம் கண்டிக்கும் பெருமை. இவர்களோ எவரையும் தாழ்த்தவில்லை. தலைகுனிய மறுக்கிறார்கள், அவ்வளவே. அதனைத் தன்மானம் எனக் கொள்வதே தகும். எனினும், வலியால் வாடுபவரைப் பெருமைப்படுமாறு வற்புறுத்துவதும் கொடுமையே. மரக்காணத்து உப்பளத்தில் உழைக்கும் ஒருவர் கால் இழந்தால், புகழுரை அவர் வீட்டு அடுப்பை எரிய வைக்காது.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பாங்கு சொல்ல அமர்த்தினார்கள்; தாம் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். இரக்கத்தோடு நின்றுவிடாமல் பொறுப்பை அளித்தார்கள் என்பதே ஈண்டு நாம் பெறும் படிப்பினை.

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீடும் வழங்குகிறது. ஆனால் வெட்கத்தால் வீட்டிற்குள் மறைக்கப்படும் பிள்ளைக்குச் சான்றிதழும் இல்லை, கல்வியும் இல்லை. சட்டம் இருந்தும் பயனில்லை. மூத்தவளின் திருமணப் பேச்சுக்காக இளைய பிள்ளையை அறைக்குள் அடைப்பது எவ்வகை நீதி?

பெற்றோரே, முதலில் பிள்ளையை வெளியே அழைத்து வாருங்கள். ஜமாஅத்தாரே, பள்ளிவாசலின் படிகளருகே ஒரு சாய்தளம் அமையுங்கள். பெருமைப்படுவதா, வேண்டாவா என்பதை அப்பிள்ளையே வளர்ந்து முடிவு செய்துகொள்ளட்டும். வெட்கப்படாமல் வளர்ப்பது நம் கடமை.

சிந்திப்போமாக!